குச்சவெளியில் சூரியன் கடலில் மறைவதில்லை

இளைஞர் ஒருவர் அண்மையில் தாம் எடுத்த இருபது படங்களை எனக்கு அனுப்பி, "ஐயா, என் படங்களில் எனக்கென்று ஒரு தனிக்குரல் இருக்கிறதா?" என்று கேட்டிருந்தார். அத்தனையும் குச்சவெளிக் கடற்கரைப் படங்கள். செவ்வானம், கருநிழலாய் ஒரு தோணி, கருநிழலாய் ஒரு மீனவர். ஒரு படத்தின் கீழே, 'அந்திச் சூரியன் கடலில் அமிழும் வேளை' என்று எழுதியிருந்தார்.

குச்சவெளி, திருகோணமலைக்கு வடக்கே சுமார் 35 கிலோமீற்றர் தொலைவில், புல்மோட்டை வீதியில் உள்ள ஊர். அதற்குக் கடல் கிழக்குப் பக்கம். அங்கே சூரியன் கடலிலிருந்து எழுவான். கடலில் ஒருநாளும் மறையான். விடியலைப் படம்பிடித்துவிட்டு அதற்கு அந்தி என்று பெயர் சூட்டியிருக்கிறார் தம்பி. காரணம் எளிது. இணையத்தில் அவர் கண்ட படங்களிலெல்லாம் அது அந்தியாக இருந்தது. கண் குச்சவெளியில் இருந்தது. பார்வை இரவலாக வந்தது.

குற்றம் அவருடையது மட்டுமன்று. ஒரே வண்ணக் கலவையையும் ஒரே சட்டகத்தையும் 'தனி நடை' என்று விற்கும் பயிற்சி வகுப்புகளுக்கும், அவற்றுக்கே பரிசளிக்கும் நடுவர்களுக்கும் இதில் பங்குண்டு. எனக்கும் உண்டு. செய்தி அறையில் இருந்த காலத்தில், பக்கத்தை நிரப்ப இத்தகைய கருநிழல் படங்களை நானும் தேர்ந்தவன்தான். நிழலில் நின்றவரின் பெயரை ஒருநாளும் கேட்டதில்லை.

அப்படியானால் நுட்பம் வேண்டாமா என்பீர்கள். வேண்டும். 1944இல் மறைந்த லயனல் வென்ட், இருட்டறையில் செய்யாத சோதனை இல்லை. ஆனால் அவர் தேடிய ஒன்று இருந்தது; நுட்பம் அதற்குப் பணி செய்தது. நம்மவர்களிடம் நுட்பம் முன்னே போகிறது. தேடல் பின்னே வரவும் காணோம்.

செய்திப்படத்தில் தனிக்குரலுக்கு இடமேது என்று கேட்போருக்கு, இதே மாவட்டத்தின் கதை ஒன்றைச் சொல்கிறேன். 2006 ஜனவரி 2ஆம் திகதி திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து தமிழ் மாணவர்கள் கொல்லப்பட்டனர். தாங்கள் வைத்திருந்த கைக்குண்டு வெடித்தே இறந்தனர் என்றது படைத்தரப்பு. 'சுடர் ஒளி' நாளிதழின் செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் அந்த உடல்களைப் படம்பிடித்தார். துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் அப்படங்களில் தெளிவாகத் தெரிந்தன. படங்கள் வெளியாயின, படைத்தரப்பின் கூற்று நிலைகுலைந்தது. ஜனவரி 24ஆம் திகதி அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். மாணவர் கொலை வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட 13 பேரும் 2019இல் விடுவிக்கப்பட்டனர். இன்று அந்த மாணவர்களுக்காகப் பேச எஞ்சியிருக்கும் சாட்சியங்களில் அந்தப் படங்களும் உண்டு.

அவற்றில் வண்ணக் கலவை இல்லை, செவ்வானம் இல்லை. ஆயினும் அவை ஒருவருடைய படங்கள். எங்கே நிற்பது, எவ்வளவு நெருங்குவது, எதை மறைக்காமல் விடுவது என்று ஒருவர் முடிவெடுத்திருக்கிறார். அந்த முடிவைத்தான் நான் குரல் என்பேன்.

உயிரைக் கொடு என்று எவரிடமும் நான் கேட்கவில்லை. நேரத்தைக் கொடு என்கிறேன். தம்பி, மறுபடியும் குச்சவெளிக்குப் போங்கள். கமராவைப் பையிலேயே வைத்துவிட்டுக் கரைவலை இழுப்போரோடு ஒரு கை பிடியுங்கள். மடி கரையேறியதும் மீன் எப்படிப் பங்கிடப்படுகிறது என்று பாருங்கள். 2004 டிசம்பர் 26ஆம் திகதி அலை எதுவரை வந்தது என்று கேளுங்கள். போர்க்காலத்தில் எங்கே இடம்பெயர்ந்தார்கள், திரும்பி வந்தபோது வளவில் என்ன மிஞ்சியிருந்தது என்று கேளுங்கள். பிறகு சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று படமெடுங்கள். வெளிச்சம் அவர்கள் முகத்தில் விழும்.

அந்தப் படத்தை அனுப்புங்கள். அதில் உங்கள் குரல் இருக்கிறதா என்று என்னிடம் கேட்க வேண்டிய தேவை உங்களுக்கு இராது.