கடையடைத்துக் காத்த மலை

வணிகப் பெருமக்களே! மதுரையில் எது எங்கே ருசி என்று கேட்டால் நாம் தூக்கத்திலும் சொல்வோம். கறிதோசைக்குச் சிம்மக்கல், ஜிகர்தண்டாவுக்கு விளக்குத்தூண், விடிகாலைப் பருத்திப்பாலுக்குத் தெருமுனை வண்டி. அந்த அடுப்புகளுக்குச் சரக்குப் போடுவதே நாம்தானே! ஆனால் ஊரைச் சுற்றியுள்ள மலைகளுக்கு வழி கேட்டால் விழிக்கிறோம்.

அரிட்டாபட்டிப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்கம் வரப்போகிறது என்று 2024 நவம்பரில் தெரிந்ததும், மேலூர் வணிகர்கள் கடையடைத்து விவசாயிகளோடு நின்றார்கள். 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அப்படிக் காத்த மலையை நம்மில் எத்தனை பேர் போய்ப் பார்த்தோம்? 2022-ல் தமிழகத்தின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம் அது. தமிழ் பிராமி எழுத்து, சமணர் படுக்கை, பாண்டியர் காலக் குடைவரைக் கோயில் எல்லாம் அங்கே உண்டு.

அவ்வளவு தூரம் போக இயலாதவர்களுக்குக் கீழக்குயில்குடி சமணர் மலை இருக்கிறது. பாறையிலேயே வெட்டிய படிகள். காலை 6 மணிக்கு ஏறினால் வெயிலுக்கு முன் இறங்கி, இட்லி சாப்பிட்டுவிட்டுக் கடை திறந்துவிடலாம். முழங்கால் வலி உள்ளவர்கள் அடிவாரத்துத் தாமரைக் குளத்தோரம் நடந்தாலே போதும். நாள் முழுக்கக் கல்லாவில் உட்கார்ந்து சர்க்கரையை வாங்கிக் கட்டிக்கொண்ட நமக்கு இதைவிட மலிவான வைத்தியம் கிடையாது.

ஒரு வேண்டுகோள். மலையில் கிடக்கும் பாக்கெட் உறைகள் நம் கடைகளில் விற்றவையே. கொண்டுபோனதைத் திரும்பக் கொண்டுவருவோம். அடிவாரத்துக் கடைக்காரர்கள் வாசலில் ஒரு குப்பைத் தொட்டி வைத்து, அதை அன்றாடம் காலி செய்யவும் வேண்டுகிறேன்.