மடுவத்துத் தராசும் 400 டொலர் குப்பியும்

பொகவந்தலாவையில கொழுந்து எடுக்கிற எந்த அம்மாகிட்ட கேட்டாலும் சொல்வாங்க: கொழுந்தை யாரும் சும்மா நம்பி வாங்குறதில்ல. மடுவத்துல நிறுப்பாங்க. ஈரத்துக்குன்னு கழிப்பாங்க, சாக்குக்குன்னு கழிப்பாங்க. முத்தல் இலை கண்ணுல பட்டா ஏச்சு. கிலோ குறைஞ்சா அரைப்பேர். அதே கொழுந்து தூளாகி கொழும்பு ஏலத்துக்குப் போனால், அங்கேயும் ருசி பார்த்துத்தான் விலை.

இந்தத் தேயிலையும் சேர்ந்து சம்பாதித்துத் தரும் டொலரில் நம் நாட்டு ஆய்வுகூடங்கள் வாங்கும் ஒரு பொருளுக்கு இந்தச் சோதனை பெரும்பாலும் இல்லை. அதுதான் எங்கள் குற்றச்சாட்டு.

பொருள் இதுதான். காயமோ தொற்றோ உள்ள இடத்துக்கு வெண்குழியங்களைக் கூப்பிடும் சிறு புரதங்களுக்குக் கீமோகைன் என்று பெயர். அந்தக் கூப்பாட்டைக் கேட்கும் காது, கலத்தின் மேல் இருக்கும் கீமோகைன் வாங்கி. மனிதரில் சுமார் 20 வகை உண்டு. அதில் பேர்போனது சிசிஆர்5. எச்ஐவி வைரசு கலத்துக்குள் நுழைய இதையும் கதவாகப் பயன்படுத்துகிறது என்று 1996இல் தெரியவந்தது. ஒரு கலத்தில் இந்த வாங்கி இருக்கிறதா என்று பார்க்க, அதில் போய் ஒட்டும் பிறபொருளெதிரியைக் குப்பியில் வாங்குகிறார்கள். கிராம் கணக்குகூட இல்லை, மைக்ரோகிராம். 'ஆய்வுக்கு மட்டும், நோய் கண்டறிய அல்ல' என்று லேபிளில் போட்டிருக்கும்.

ஒரு குப்பி 400 டொலர் என்று வையுங்கள். டொலர் 300 ரூபா என்றால் 1,20,000 ரூபா. 2021இல் போராடி வாங்கிய 1,000 ரூபா நாட்சம்பளத்தில் அது 120 முழுப்பேர்.

சரி, அந்தக் குப்பி சொன்ன வேலையைச் செய்கிறதா? கீமோகைன் வாங்கி கலத்தின் மென்சவ்வை ஏழு தடவை ஊடுருவி மடிந்து கிடக்கும் புரதம். வெளியே தெரிவது கொஞ்சம். அந்த மடிப்பைப் பார்த்து ஒட்டுகிற பிறபொருளெதிரி, புரதத்தைப் பிரித்து நீட்டிவிட்டால் ஒட்டாமல் போகலாம். போதாததற்கு சிசிஆர்5க்கு சிசிஆர்2 என்று அச்சு அசல் தம்பி மாதிரி ஒன்று உண்டு. அண்ணனைத் தேடிப் போனது தம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தால், ஆய்வு முழுக்கத் தப்பு.

இது எங்கள் கற்பனை இல்லை. தரமற்ற பிறபொருளெதிரிகளால் உலகம் முழுக்க வருடத்துக்கு 80 கோடி டொலர் வீணாகிறது என்று 2015இல் 'நேச்சர்' இதழில் நூற்றுக்கு மேற்பட்ட விஞ்ஞானிகள் சேர்ந்து மதிப்பிட்டு எழுதினார்கள். 2023இல் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்ட குழு, 65 புரதங்களுக்கான 614 பிறபொருளெதிரிகளைச் சோதித்து வெளியிட்டது. அதைப் பார்த்த கம்பனிகள், சோதனையில் தேறாதவற்றில் சுமார் ஐந்தில் ஒன்றை விற்பனையிலிருந்தே எடுத்துவிட்டன. அதுவரைக்கும் விற்றுக்கொண்டுதானே இருந்தார்கள்?

"எத்தனையோ கட்டுரையில பாவிச்சிருக்காங்க, அதுவே போதாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. பத்துப் பேர் சோதிக்காமல் வாங்கியது, பதினோராவது ஆளுக்குச் சான்றாகாது.

தராசு இல்லாமலும் இல்லை. சிசிஆர்5 பரம்பரையலகின் இரண்டு பிரதியிலும் 32 எழுத்து விடுபட்டுப் பிறந்தவர்கள், முக்கியமாக ஐரோப்பிய வம்சாவளியில், இருக்கிறார்கள். அவர்களுடைய கலங்களின் மேல் இந்த வாங்கி இருக்காது. அந்தப் பரம்பரையலகை நீக்கிய கலங்களை ஆய்வுகூடத்திலேயே உருவாக்கவும் முடியும். அந்தக் கலத்தில் குப்பியைப் போட்டுப் பாருங்கள். அங்கேயும் 'இருக்கு' என்று காட்டினால் அது பொய்க்குப்பி.

செலவு அதிகம் என்பார்கள். 2022இல் டொலர் இல்லாமல் மருந்துக்கே தவித்த நாடு இது. சோதிக்காத குப்பியை வாங்குவதுதான் இங்கே அதிகச் செலவு. அந்தச் செலவைக் கட்டுவது யார்? லயத்து வீட்டிலிருந்து பல்கலைக்கழகம் போய், இறுதி வருட ஆய்வுக்கு ஒரே ஒரு குப்பி கிடைக்கிற பிள்ளை. முடிவு வராவிட்டால் 'உனக்குக் கை சரியில்ல' என்ற பேச்சும் அதுக்குத்தான். குப்பியை யாரும் கேள்வி கேட்பதில்லை.

ஆகவே நாங்கள் கேட்பது மூன்று. ஆய்வுக் கட்டுரையில் பிறபொருளெதிரியின் பட்டியல் எண்ணையும், வாங்கி இல்லாத கலத்தில் அதைச் சோதித்த முடிவையும் சேர்த்துப் போடுங்கள். தோற்ற குப்பியின் விவரத்தை ஒளிக்காமல் மற்றப் பல்கலைக்கழகங்களுக்குச் சொல்லுங்கள். மாணவரைக் குறை சொல்வதற்கு முன் குப்பியைச் சோதியுங்கள்.

ஈரக் கொழுந்துக்குக் கிலோ வெட்டத் தெரிந்த நாடு இது. 400 டொலர் குப்பியையும் ஒரு தரம் தராசில் வையுங்கள்.