ரிப்போர்ட் நார்மல்... அப்புறம் ஏன் கால் மதமதன்னு இருக்கு?

“ரத்தமெல்லாம் நல்லாத்தான் இருக்காம். அப்புறம் ஏன்டி கால் மதமதன்னு இருக்கு?”

ஆமத்தூரில் இருக்கும் என் சித்தி இரண்டு மாதம் முன்பு போனில் கேட்டது. வயது 46. பட்டாசுக்குப் பேப்பர் குழாய் உருட்டும் வேலை. எத்தனை உருட்டுகிறாரோ அதற்குத்தான் கூலி. விரல் நுனியும் மரத்துப்போனதால் குழாய் தளர்ந்துவிடுகிறது, பாதியைக் கழித்துவிடுகிறார்கள் என்று புலம்பினார். ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் வாங்கிப் பார்த்தேன். ஹீமோகுளோபின் 12.3. கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு 12 கிராமுக்குக் கீழே போனால்தான் ரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. அதனால் ‘நார்மல்’.

ரிப்போர்ட் பொய் சொல்லவில்லை. சித்தியின் கேள்வியை லேபில் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

வழக்கமாக எடுக்கிற ‘சிபிசி’ டெஸ்ட் ரத்த அணுக்களை எண்ணும், அவற்றின் அளவைப் பார்க்கும். எந்த வைட்டமினையும் அது நேரடியாக அளக்காது. இரும்புச்சத்து குறைந்தால் சிவப்பணு சிறுத்துவிடும். பி12 அல்லது ஃபோலிக் அமிலம் குறைந்தால் பெருத்துவிடும். இரண்டு குறையும் ஒருவருக்கே இருந்தால்? சிறுசும் பெருசும் கலந்து, சராசரி அளவைச் சொல்லும் ‘எம்சிவி’ நார்மலாக வந்து நிற்கும்! அதே பேப்பரில் ‘ஆர்டிடபிள்யூ’ என்று ஒரு வரி இருக்கும். அணுக்களின் அளவு எவ்வளவு ஏறுமாறாக இருக்கிறது என்று காட்டுவது அதுதான். நம்மில் யார் அதைப் பார்க்கிறோம்?

இரும்புச்சத்து விஷயத்தில் ஹீமோகுளோபின் கடைசியாகத்தான் இறங்கும். முதலில் காலியாவது உடம்பின் சேமிப்பு. அதைக் காட்டுவது ஃபெரிட்டின் டெஸ்ட். ஆனால் காய்ச்சல், தொற்று இருக்கும்போது ஃபெரிட்டின் தானாகவே ஏறிவிடும். அந்த நேரத்தில் எடுத்தால் குறை இருந்தாலும் தெரியாமல் போகலாம்.

2019-21 தேசிய குடும்பநல ஆய்வில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53.4 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. விரல் நுனியில் குத்தி ஹீமோகுளோபின் பார்த்து எடுத்த கணக்கு அது. 12.3 இருக்கும் சித்தி மாதிரியானவர்கள் அதில் வரவே மாட்டார்கள்.

விருதுநகரில் பார்த்த டாக்டர் முதலில் கேட்டது ரிப்போர்ட்டை அல்ல, மாத்திரை அட்டையை. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ மூலம் வீட்டுக்கே வரும் சுகர் மாத்திரை, மெட்ஃபார்மின். வருஷக்கணக்கில் சாப்பிடும் சிலருக்கு உணவிலிருந்து பி12 சேர்வதை அது குறைத்துவிடும். “ஞாயித்துக்கிழமை கறி திங்கிறவளுக்கு எப்படிம்மா குறையும்?” என்று சித்தி சண்டைக்கே போய்விட்டார். தின்பது வேறு, உடம்பில் சேர்வது வேறு. ரத்தசோகை வராமலேயே பி12 குறைவு நரம்பைப் பாதிக்கும். சத்து மாத்திரை என்று ஃபோலிக் அமிலம் மட்டும் விழுங்கினால் ரத்தம் தேறிவிடும், நரம்புப் பாதிப்பு பாட்டுக்கு ஓடும்.

சுகர் இருப்பவர்களுக்கு சுகராலேயே கால் மரத்துப்போகலாம். அதனால் டாக்டர் அதையும் பார்த்தார். பி12 தனியாக எடுத்ததில் மிகக் குறைவு. மெட்ஃபார்மினை நிறுத்தக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு ஊசி எழுதிக்கொடுத்தார்.

ஊசி ஆரம்பித்து ஐந்து வாரம். விரல் பரவாயில்லையாம், குழாய் இறுக்கமாக உருள்கிறதாம். கால் இன்னும் மதமதப்பாகத்தான் இருக்கிறது. அது சரியாக மாதங்கள் ஆகலாம் என்கிறார் டாக்டர்.