யாழ்ப்பாணத்தில மலை எங்க இருக்கு?

ஆறாம் வகுப்பில சித்திரப் பாடத்துக்கு நாங்கள் கீறின முதல் படம் அநேகமாக எல்லாருக்கும் ஒண்டுதான். இரண்டு மலை, நடுவில பாதிச் சூரியன், மலையிலிருந்து இறங்கி வருகிற ஆறு, ஆற்றங்கரையில் ஓட்டு வீடு, பக்கத்தில் வளைந்த தென்னை, வானத்தில் நாலு காகம். குடாநாட்டில் மலை கிடையாது. ஆறு என்று சொல்ல வழுக்கையாறு இருக்கிறது, அதுவும் மாரியில்தான் ஓடும். எண்டாலும் ஒரு வகுப்பே சேர்ந்து மலையும் ஆறும் கீறினது. அந்தப் படத்தை எங்களுக்கு ஒருத்தரும் சொல்லித்தந்த ஞாபகம் இல்லை. எப்படி எல்லாருக்கும் தெரிந்திருந்தது என்பது இண்டைக்கும் பிடிபடேல்லை.

இதைப் பற்றி எழுதவேணும் என்று வந்தது எங்கட கூட்டத்தில் இருக்கிற ஒரு தோழியால. அவளின்ர வீடு மாறேக்க, ஆறாம் வகுப்பிலிருந்து பதினோராம் வகுப்பு வரைக்குமான சித்திரக் கொப்பிகள் ஒரு பழைய சூட்கேசுக்குள்ள இருந்து வெளியில் வந்தன. ஒரு பின்னேரம் முழுக்க அவற்றை விறாந்தையில் விரித்து வைத்துப் பார்த்தோம். ஒரு பிள்ளை ஓவியராக வளர்ந்துகொண்டு போவதும், பிறகு அது நிற்கிற இடமும் அந்தக் கொப்பிகளில் அப்படியே தெரிகிறது.

ஆறாம் வகுப்புக் கொப்பியின் முதல் பக்கத்தில் மலைப் படம். அதற்கு ரீச்சர் புள்ளி போடவில்லை. "பிள்ளை, நீ மலை கண்டனியோ?" என்று கேட்டவவாம். இல்லை எண்டதும், "அப்ப வீட்ட போய்க் கண்ட ஒண்டைக் கீறிக்கொண்டு வா" எண்டிட்டா. அடுத்த பக்கத்தில் ஒரு வாளி. கிணற்றுக்கட்டில் வைத்த வாளி. உண்மையைச் சொன்னால் மோசமான படம். வாய் வட்டமாகவும் அடி தட்டையாகவும், வாளி நிற்கிறதா கவிண்டு கிடக்கிறதா என்று தெரியாத மாதிரி. ஆனால் அதுக்கு அடுத்த நாலு பக்கமும் அதே வாளிதான். கடைசி வாளியில் வாய் நீள்வட்டமாகியிருக்கிறது, கைபிடி ஒரு பக்கம் சரிந்து விழுந்திருக்கிறது, உள்ளுக்குள்ள தண்ணி இருக்கிறது என்பதும் தெரிகிறது. ரீச்சர் நீள்வட்டம் எண்ட சொல்லைக்கூடச் சொல்லேல்லையாம். "வாளிக்கு மேல நிண்டு பார். பிறகு குந்தி இருந்து பார்" எண்டது மட்டும்தான்.

ஏழாம் வகுப்பில் நடந்த விசயம்தான் எங்களுக்கு மிகவும் பிடித்தது. ரீச்சர் அவளின்ர பஸ்டல் பெட்டியிலிருந்து கறுப்பை எடுத்துத் தன்ர மேசை லாச்சிக்குள்ள போட்டுப் பூட்டிப்போட்டா. ஒரு தவணை முழுக்கக் கறுப்பு இல்லை. நாங்கள் எல்லாரும் நிழல் எண்டால் கறுப்பு, தலைமயிர் எண்டால் கறுப்பு, இரவு எண்டால் கறுப்பு என்று தேய்த்துக்கொண்டு இருந்த காலம். கறுப்பு இல்லாமல் நிழலுக்கு என்ன செய்யிறது? முதலில் கபிலம், பிறகு நீலத்துக்கு மேல கபிலம், பிறகு ஊதா. அந்தத் தவணையில் அவள் கீறின ஒரு கோயில் மதில் இருக்கிறது. சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட மதில். தினமும் நாங்கள் சைக்கிளில் தாண்டிப்போகிற மதில்தான். பின்னேர வெயில் படுகிற பக்கம் வெள்ளைக்கோடு மஞ்சளாகவும், மரநிழல் விழுகிற பக்கம் அதே வெள்ளைக்கோடு நீலமாகவும் இருக்கிறது. பன்னிரண்டு வயதுப் பிள்ளை வெள்ளை வெள்ளையில்லை என்று கண்டுபிடித்திருக்கிறாள். அதுக்குப் பிறகு நாங்களும் ஒருக்கா சைக்கிளை நிப்பாட்டிப் பார்த்தம். நீலம்தான்.

ஒன்பதாம் வகுப்புக் கொப்பியில் பன்னிரண்டு பக்கத்துக்கு அம்மம்மா. வெங்காயம் உரிக்கிற அம்மம்மா, வெத்திலை போடுகிற அம்மம்மா, சாய்மனைக் கதிரையில் நித்திரை கொள்ளுகிற அம்மம்மா. மனிசி ஓரிடத்தில் இருக்கமாட்டா. அதனால கோடுகள் அவசரமாக ஓடுகின்றன, சில பக்கத்தில் முகமே இல்லை, தோளும் கையும் மட்டும். ஆனால் அந்தத் தோளைப் பார்த்தாலே அவவைத் தெரிந்தவர்களுக்கு ஆளை விளங்கும்.

பள்ளிக்கூடச் சித்திர வகுப்பால ஓவியர் உருவாகிறதில்லை, அது பிறவியில வாறது என்று சொல்லுகிற ஆக்களை நாங்கள் அடிக்கடி சந்திக்கிறம். இலங்கையின் ஓவிய வரலாறு அப்பிடிச் சொல்லேல்லை. 1920களில் இங்கே கல்வித் திணைக்களத்தில் சித்திரப் பரிசோதகராக இருந்த சார்ள்ஸ் வின்சர்தான், '43 குழுவில் பிறகு சேர்ந்த பலருக்கு முன்னமே ஊக்கம் கொடுத்தவர். அவருடைய பெயரில்தான் 1938இல் யாழ்ப்பாணத்தில் எஸ். ஆர். கனகசபை வின்சர் ஓவியக் கழகத்தைத் தொடங்கினார். அவரும் சித்திரக் கல்வியோடு இருந்தவர்தான். குருநகரில் பிறந்த அ. மாற்கு வாழ்நாளில் பெரும்பகுதி பள்ளிக்கூடச் சித்திர ஆசிரியராக இருந்தவர். மாற்கு மாஸ்டர் என்றுதான் இன்றைக்கும் அவரைச் சொல்லுகிறார்கள். அவரிடம் படித்தவர்கள் பிறகு ஓவியர்களாகவும் பல்கலைக்கழகத்தில் கலை படிப்பிக்கிறவர்களாகவும் வந்தார்கள். எங்கட பக்கத்தில் காட்சிக்கூடங்களும் நூதனசாலைகளில் நவீன ஓவியமும் குறைவு. ஒரு பிள்ளை முதன்முதல் ஓவியர் ஒருவரைக் காணக்கூடிய இடம் பள்ளிக்கூடச் சித்திர அறைதான். அதனால்தான் அந்த அறையில் நடக்கிறதைப் பற்றி நாங்கள் இவ்வளவு கதைக்கிறம்.

இனிப் பத்தாம் வகுப்புக் கொப்பிக்கு வருவம். அதில் திடீரென்று மலைப் படத்தின் தம்பிமார் வந்துவிடுகின்றனர். பொங்கல், சந்தை, பஸ் தரிப்பிடம், அறுவடை. ஒவ்வொன்றிலும் முன்னுக்குப் பெரிதாக மூன்று ஆட்கள், நடுவில் ஐந்து பேர், பின்னால மரமும் வீடும். தாளில் வெறும் இடம் விடக்கூடாது. பெண்கள் எல்லாருக்கும் ஒரே முகம், ஒரே கொண்டை. ஆட்களைச் சுற்றித் தடித்த கோடு, அந்தக் கோடு கறுப்பு. எங்கள் எல்லாருடைய கொப்பியிலும் இதே படங்கள் இருந்தன. சந்தைப் படத்தில் பூசணிக்காய் எந்த மூலையில் இருக்கவேணும் என்பதுகூடப் பாடம். தலைப்பு எது வந்தாலும் இந்த நாலில் ஒன்றைத் திருப்பிப் போடலாம் என்று ரியூசனில் சொல்லித்தந்தார்கள். எழுத்துப் பரீட்சைக்கும் இதே கதைதான். சீகிரியா ஓவியங்களையும் களனி விகாரையில் சோலியஸ் மென்டிஸ் தீட்டினவற்றையும் போட்டோக்கொப்பியில் பார்த்து, அதில் என்ன நிறம் பாவிக்கப்பட்டிருக்கிறது என்று மனப்பாடம் பண்ணினம். போட்டோக்கொப்பி கறுப்பு வெள்ளை.

எங்களுக்குள்ள சண்டை வந்தது இதைப் பற்றி இல்லை. அந்த நாலு படத்தையும் அவளுக்குப் பாடமாக்கச் சொன்னது வேற ஆள் இல்லை, கறுப்புப் பஸ்டலைப் பறித்த அதே ரீச்சர். பதினோராம் வகுப்பில் அவள் பஸ் தரிப்பிடத்தை ஒரு தனிக் கிழவன் வெறும் வாங்கில் இருக்கிற மாதிரிக் கீறியிருக்கிறாள். தாளில் முக்கால்வாசி வெயில் மட்டும். ரீச்சர் கனநேரம் பார்த்துவிட்டு, "நல்லாயிருக்கு. சோதினையில உப்பிடிக் கீறிப்போடாத" எண்டவவாம். கறுப்புப் பஸ்டலைத் திருப்பிக் கொடுத்ததும் அண்டைக்குத்தான்.

எங்களில் அரைவாசிப்பேர் இதைத் துரோகம் என்கிறார்கள். மற்ற அரைவாசிப்பேருக்கு அந்த ரீச்சரின் நிலைமை விளங்குகிறது. நாற்பது பிள்ளைகள், கிழமைக்கு ஒதுக்கின பாடவேளையிலும் கணித சேர் வந்து "ரீச்சர், இண்டைக்கு மட்டும்" என்று ஒன்றை வாங்கிக்கொண்டு போவார். சித்திரம் எண்டால் சுகமாக ஏ எடுக்கிற பாடம் என்று நம்பிப் பிள்ளையைச் சேர்த்த பெற்றோர். வருச முடிவில் எத்தனை ஏ என்று கேட்கிற நிர்வாகம். எத்தனை பிள்ளையளுக்கு நிழலில் நீலம் தெரியத் தொடங்கினது என்று அவவை ஒருத்தரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

தோழிக்கு ஏ தான் வந்தது. அந்த விடைத்தாள் எங்கே போனதோ தெரியாது, அவளுக்கு அது தேவையுமில்லை. அதுக்குப் பிறகு உயர்தரத்தில் உயிரியல். படம் கீறினது தவளையும் இதயமும்தான். ரீச்சரில் கோவமா என்று கேட்டம். "அவ பொய் சொல்லேல்லையே. சோதினையில எண்டுதான் சொன்னவ. சோதினை முடிஞ்ச பிறகும் கீறாம விட்டது நான்தானே" எண்டாள். நாங்கள் இதை ஒத்துக்கொள்ளேல்லை. பதினாறு வயதுப் பிள்ளை இரண்டு வருசமாக ஒரே சந்தையைக் கீறிக் கை பழகின பிறகு, அந்தக் கை திரும்பி வாளிக்குப் போகும் என்று எதிர்பார்க்கிறது நியாயமில்லை.

எங்கட கேள்வி பெரிசில்லை. சோதினை மண்டபத்தில் கீறுகிற ஒரு படத்துக்குக் கொடுக்கிற புள்ளியில் ஒரு பங்கை, ஆறு வருசமாகக் கீறின இந்தக் கொப்பிகளுக்குக் கொடுத்தால் என்ன? அதில் மோசமான வாளியும் இருக்கவேணும். நல்ல வாளி மட்டும் இருக்கிற கொப்பியை எங்களாலயே நம்பமுடியாது. அதோட கணித சேர்மாருக்கு ஒரு வேண்டுகோள், அந்தப் பாடவேளையைக் கேட்காதேங்கோ.

அண்டைக்கு இருட்டுப்பட்ட பிறகு கொப்பிகளைத் திரும்பச் சூட்கேசுக்குள்ள அடுக்கினம். ஒன்பதாம் வகுப்புக் கொப்பியை மட்டும் அவள் வெளியில் எடுத்து வைத்தாள். அம்மம்மா போய் மூன்று வருசமாகிறது. வீட்டில் இருக்கிற போட்டோ எல்லாத்திலயும் அவ கமராவுக்காக நிமிர்ந்து நிற்கிறா. வெங்காயம் உரிக்கிற தோள் அந்தக் கொப்பியில மட்டும்தான் இருக்கு.