மந்திரத்தால் அபராதம் ஒழியுமா?

இங்கிலாந்து, கனடா, அமெரிக்கா முதலிய தேசங்களில் ஒரு விசித்திரமான கூட்டம் இருந்து வருகின்றது. மோட்டாரை அளவுக்கு மீறிய வேகத்தில் ஓட்டியதற்காகவோ, லைசென்சு இல்லாமல் ஓட்டியதற்காகவோ அபராதம் போட்டால், இக்கூட்டத்தார் "நான் அப்படி ஓட்டவில்லை" என்று வாதாடுவதில்லை. "நான் சுதந்திர மனிதன். உங்கள் சட்டத்துக்கு நான் சம்மதம் கொடுக்கவில்லை. ஆகவே அது என்னைக் கட்டாது" என்று சொல்லுகின்றார்கள். கனடாவிலும் இங்கிலாந்திலும் இவர்களுக்கு 'ஃப்ரீமென்' என்று பெயர். அமெரிக்காவில் 'சாவரின் சிட்டிசன்', அதாவது தனக்குத் தானே ராஜாவான பிரஜை என்று பெயர்.

கேட்பதற்கு இது வீரமாகத்தான் இருக்கின்றது. சர்க்காருக்கு அஞ்சாதவன், எதையும் ஏன் என்று கேட்பவன், இவனல்லவோ சுயபுத்திக்காரன் என்று நம்மில் சிலருக்குக் கூடத் தோன்றலாம். ஆதலால் மூட்டையைச் சற்று அவிழ்த்து உள்ளே இருக்கும் சரக்கைப் பார்ப்போம்.

இவர்கள் சொல்லுவது யாதெனில், ஒவ்வொரு மனிதனும் இரண்டு பேராம். ஒருவன் ரத்தமும் சதையுமான மனிதன். மற்றவன், பிறப்புச் சர்ட்டிபிகேட்டில் சர்க்கார் உண்டாக்கிய காகித மனிதன். இங்கிலீஷில் பெயரைப் பெரிய எழுத்துக்களில் அச்சடித்திருந்தால் அது காகித மனிதனின் பெயராம். அபராதம் அவனுக்கே தவிர எனக்கல்ல என்கின்றார்கள். நான் மோட்டார் 'ஓட்டவில்லை', 'பிரயாணம்' செய்தேன். ஓட்டுவதற்குத்தான் லைசென்சு வேண்டும் என்கின்றார்கள். கோர்ட்டிலுள்ள கொடியில் தங்க நிற ஜாலர் இருந்தால் அது கப்பல் சட்டக் கோர்ட்டு என்கின்றார்கள். ஜட்ஜி "புரிகின்றதா?" என்று கேட்டால் பதில் சொல்லக் கூடாதாம். ஏனெனில் அதற்குரிய இங்கிலீஷ் வார்த்தையைத் திருப்பிப் போட்டால் "கீழே நிற்கின்றாயா?" என்று அர்த்தம் வருமாம், ஆம் என்றால் அடிமையாகிவிடுவானாம்! இன்னும் சிலர் சிவப்பு மையால் கையெழுத்துப் போட்டு, கட்டைவிரல் ரேகை வைத்து, மூலையில் தபால் தலை ஒட்டி அனுப்புகின்றார்கள்.

தோழர்களே! இதில் சட்டம் எங்கே இருக்கின்றது? அறிவு எங்கே இருக்கின்றது? இன்ன எழுத்தை இன்ன விதமாய் எழுதி, இன்ன சொல்லை இன்ன முறையில் உச்சரித்தால் வந்த வினை போய்விடும் என்பதற்கு மந்திரம் என்பதல்லாமல் வேறென்ன பெயர்?

கனடாவில் ஆல்பர்ட்டா மாகாணத்து ஜட்ஜி ஜான் ரூக் என்பவர், ஒரு விவாகரத்து வழக்கில் இந்தப் புரட்டுகள் வந்தபோது, 2012-ஆம் வருஷம் 736 பாராக்கள் கொண்ட ஒரு தீர்ப்பு எழுதினார். இவ்வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்து, ஒன்றுக்கும் சட்டத்தில் இடமில்லை என்று காட்டினார். இவற்றைப் பணத்துக்குக் கற்றுக்கொடுப்பவர்களை அவர் அத்தீர்ப்பில் 'குரு' என்றே அழைக்கின்றார். செம்பைப் பொன்னாக்குவதாகச் சொல்லி ஏமாற்றிய ரசவாதிகளுக்கு ஒப்பிடுகின்றார். குருமார்கள் புத்தகம் விற்கின்றார்கள், வகுப்பு நடத்துகின்றார்கள், பாரம் விற்கின்றார்கள். சிஷ்யன் தோற்றால் மந்திரம் பொய் என்று சொல்லுவதில்லை. நீ உச்சரித்தது தப்பு என்கின்றார்கள். இந்த வியாபாரத் தந்திரம் நமக்குப் புதிதா?

நிற்க. 'சுதந்திர மனிதன்' என்னும் பட்டம் எங்கிருந்து வந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். இங்கிலாந்தில் இக்கூட்டத்தார் 1215-ஆம் வருஷத்து மாக்னா கார்ட்டா என்ற சாசனத்தின் 61-வது பிரிவைக் காட்டி, சர்க்காருக்கு அடங்காதிருக்கத் தங்களுக்கு உரிமை உண்டு என்கின்றார்கள். அந்தப் பிரிவு அரசனைத் தட்டிக் கேட்க 25 பிரபுக்களுக்கு அதிகாரம் கொடுத்ததே தவிர, வீதியில் போகும் ஒவ்வொருவனுக்கும் கொடுத்ததல்ல. அந்தச் சாசனத்தையே சில வாரங்களுக்குள் போப்பு ரத்து செய்துவிட்டார். 1216-இல் அது மறுபடியும் வெளியிடப்பட்டபோது 61-வது பிரிவு அதில் இல்லை. மேலும் அந்தக் காலத்து இங்கிலாந்தில் நிலத்தோடு கட்டப்பட்ட பண்ணையாள்கள் ஏராளம். அவர்கள் 'சுதந்திர மனிதர்' என்ற கணக்கில் சேரவே இல்லை. பண்ணையாளை வெளியே தள்ளிவைத்த ஒரு பட்டத்தையா இன்று ஏழைகளின் விடுதலை என்று விற்பது?

அமெரிக்காக் கதை இதைவிட மோசமானது. அங்கு இக்கொள்கைக்கு வித்திட்டது, 1970-களில் வில்லியம் பாட்டர் கேல் என்பவர் முதலியோர் பரப்பிய 'பாஸி காமிடேட்டஸ்' என்ற வெள்ளை இனவெறிக் கூட்டமாகும். அடிமைத்தனம் ஒழிந்தபின், 1868-இல் அரசியல் சட்டத்தின் 14-வது திருத்தம் கறுப்பர்களுக்குப் பிரஜா உரிமையை உறுதி செய்தது. அப்படி வந்த பிரஜைகள் தாழ்ந்தவர்கள். வெள்ளையரோ பிறப்பாலேயே சட்டத்துக்கு மேற்பட்ட உயர்ந்த பிரஜைகள் என்று இக்கூட்டம் பிரசாரம் செய்தது. பிறவியினால் ஒருவன் சட்டத்துக்கு மேல், மற்றொருவன் கீழ் என்பதுதான் இதன் மூல வேர். அதே சரக்கை இன்று கறுப்பர்களிலும் சிலர் விடுதலை மருந்தென்று வாங்கி உண்ணுகின்றார்கள் என்பது பரிதாபத்திலும் பரிதாபமாகும்.

இனி இதன் பலனைப் பாருங்கள். இங்கிலாந்தில் வேகமாக ஓட்டியதற்குச் சாதாரணமாய் 100 பவுன் அபராதமும், லைசென்சில் 3 புள்ளிகளும் விதிக்கப்படும். வண்டியை ஓட்டியது யார் என்று வண்டிக்காரன் தெரிவிக்க வேண்டுமென்று 1988-ஆம் வருஷத்துச் சட்டம் சொல்லுகின்றது. பதில் சொல்லாமல் குரு கொடுத்த மந்திரக் கடிதத்தை அனுப்பினால் 1000 பவுன் வரை அபராதமும் 6 புள்ளிகளும் விழலாம். மூன்று வருஷத்துக்குள் 12 புள்ளிகள் சேர்ந்தால் பொதுவாய் ஆறு மாதமாவது வண்டி ஓட்டக் கூடாது. அதாவது இரண்டு மந்திரக் கடிதங்கள் போதும், வண்டி ஓட்டிப் பிழைப்பவன் பிழைப்பை இழக்க! குருவுக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை.

அப்படியானால் அபராதம் போடுவதெல்லாம் நியாயமென்று நாம் சொல்லுகின்றோமா? ஒருக்காலும் இல்லை. பணக்காரனுக்கு ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவாகும் அபராதம், கூலிக்காரனுக்கு ஒரு வாரத்துக் கஞ்சியாகும். அமெரிக்காவில் ஃபெர்குசன் என்ற ஊரில் போலீசும் கோர்ட்டும் நகர வருமானத்துக்காகவே அபராதத்தை ஓட்டியதையும், அந்தப் பாரம் கறுப்பர் தலையிலேயே அதிகமாக விழுந்ததையும் 2015-இல் அந்நாட்டு நீதி இலாகாவே விசாரித்து வெளியிட்டது. இந்த வயிற்றெரிச்சல் உண்மையானது. அதனால்தான் போலி மருந்துக்கும் ஆள் கிடைக்கின்றது.

ஆனால் அந்த அநியாயம் எதனால் அசைந்தது? சிவப்பு மையினாலா? ஜனங்கள் வீதியில் திரண்டு கேட்டதனால் விசாரணை வந்தது. அதே வருஷத்தில் மிசௌரி சட்டசபை, ஊர்கள் போக்குவரத்து அபராதத்தால் அடையக்கூடிய வருமானத்துக்கு உள்ள வரம்பைக் குறைத்துச் சட்டம் செய்தது. பணம் கட்ட உண்மையிலேயே சக்தி இருக்கின்றதா என்று விசாரிக்காமல், அபராதம் கட்டாததற்காக ஒருவனை ஜெயிலில் போடக் கூடாது என்று 1983-இலேயே அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லியிருக்கின்றது. இங்கிலாந்திலும், வேகக் குற்றத்துக்குப் பொதுவாய் 14 நாளைக்குள் நோட்டீசு வந்தாக வேண்டும். வராவிட்டால் அதைக் கோர்ட்டில் சொல்லலாம். குற்றமில்லை என்று வாதாடலாம். கோர்ட்டு அபராதத்தை வரும்படிக்குத் தக்கபடி கணக்கிடுகின்றது. தவணையாய்க் கட்டவும் கேட்கலாம். இவையெல்லாம் பிறர் பாடுபட்டுச் சம்பாதித்து வைத்த உண்மையான உரிமைகள். மந்திரக்காரன் இவற்றை ஏழையின் கையிலிருந்து பிடுங்கிவிட்டு, வெறுங் காகிதத்தைத் திணிக்கின்றான் என்பதே நம் முக்கியமான குற்றச்சாட்டு.

ஜனங்களுடைய சம்மதமே ஆட்சிக்கு ஆதாரம் என்பது உண்மைதான். ஆனால் அது எல்லோரும் கூடி ஓட்டுப் போட்டும், பேசியும், எதிர்த்தும் கொடுக்கும் சம்மதமே அல்லாமல், ஒவ்வொருவனும் தன் மோட்டாரில் உட்கார்ந்துகொண்டு தனித்தனியே கொடுப்பதல்ல. எல்லோரும் இடப்புறம் போகும் ரோட்டில் ஒருவன் மாத்திரம் "எனக்குச் சம்மதமில்லை" என்று வலப்புறம் வந்தால், எதிரே வரும் குழந்தையிடம் அவன் சம்மதம் கேட்டானா என்று நாம் கேட்கின்றோம்.

ஆகவே, சட்டம் அநியாயமாயிருந்தால் அநியாயம் என்று பகிரங்கமாய்ச் சொல்லுங்கள். கூடி நின்று மாற்றுங்கள். அதனால் வரும் கஷ்டத்தையும் ஏற்கத் தயாராயிருங்கள். ஆனால் எனக்கு மட்டும் சட்டம் கிடையாது என்று சொல்லிக் கொடுக்க ஒரு குரு வருவானானால், அவன் எந்தத் தேசத்தவனாயிருந்தாலும், எந்தப் பாஷையில் மந்திரம் சொன்னாலும், முதலில் உங்கள் மடிச்சீலையைப் பத்திரப்படுத்திக்கொள்ளுங்கள் என்று எச்சரிக்கின்றோம்.