வீடுதோறும் ஒரு படி

1931ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் 'காளிதாஸ்' திரைக்கு வந்தது. அதுவரை ஊமையாய் அசைந்துகொண்டிருந்த திரை, அன்று தமிழில் பேசியது, பாடியது. அப்படத்தின் நாயகி டி.பி. ராஜலட்சுமி. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1936இல், 'மிஸ் கமலா' என்னும் படத்தை அவரே எழுதி, இயக்கி, தயாரித்தார். தமிழ்த் திரையுலகின் முதல் பெண் இயக்குநர் என்னும் பெருமை அவருக்கு உரியதாயிற்று. இவ்விரு படங்களையும் இன்று எவராலும் காண இயலாது. அவற்றின் படி ஒன்றுகூட எஞ்சவில்லை.

ஆனால், அக்காலப் படங்கள் பலவற்றின் பாட்டுப் புத்தகங்கள் இன்றும் கிடைக்கின்றன. கொட்டகை வாசலில் சில்லறைக் காசுக்கு விற்கப்பட்ட மெல்லிய புத்தகங்கள் அவை. படம் பார்த்தவர்கள் அவற்றை வாங்கிச் சென்று பெட்டியிலும் பரணிலும் வைத்தனர். பெரும்பொருள் செலவிட்டு எடுத்த படம் அழிந்தது. சில்லறைக்கு விற்ற புத்தகம் பிழைத்தது. காரணம் எளியது. படம் ஒரு சிலரிடம் இருந்தது. புத்தகம் பலர் வீட்டில் இருந்தது. பழைய திரைப்படங்களின் வட்டுகள் வீடுகளை விட்டு மறைந்துவரும் இக்காலத்தில் ஆழ்ந்து எண்ணத்தக்க உண்மை இது.

தீயும் வெள்ளியும்

ஏறத்தாழ 1950 வரை திரைப்படங்கள் நைட்ரேட் படச்சுருளில் பதிவாயின. அது எளிதில் தீப்பற்றும். பற்றினால் அணைப்பது அரிது. வெப்பமும் ஈரமும் மிகுந்த இடத்தில் வைத்தால் தானே சிதைந்து பொடியாகும். ஓடி முடிந்த படத்தைப் பாதுகாப்பதால் வருவாய் இல்லை என்று கருதியோர், சுருளில் படிந்திருந்த வெள்ளியைப் பிரித்தெடுப்பதற்காக அதனை எடைக்கு விற்றனர். தீக்கு இரையானவை சில. வெள்ளிக்காக அழிந்தவை சில. கவனிப்பாரின்றி மக்கியவை பல.

தப்பிப் பிழைத்தவற்றின் கதையும் கருதத்தக்கது. 1930களின் தொடக்கத்தில் உருவான 'மார்த்தாண்ட வர்மா' என்னும் மௌனப்படம், அதன் மூல நாவலின் பதிப்புரிமை குறித்த வழக்கில் சிக்கியது. படச்சுருள் திருவனந்தபுரத்துப் புத்தக நிறுவனம் ஒன்றின் வசம் சென்று தங்கியது. 1974இல் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் அதனைப் பெற்றது. வழக்கினால் ஓட முடியாமற்போன படம், அதே வழக்கினால் அழியாமல் நின்றது. அக்காப்பகம் 1964இல் புனேயில் நிறுவப்பட்டது. அதனைக் கட்டியெழுப்பிய பி.கே. நாயர், கிடைத்த சுருளையெல்லாம் தேடிச் சேர்த்தார். அதற்குள் மௌனப்படக் காலத்தின் பெரும்பகுதி மறைந்துவிட்டது.

தமிழுக்கு இத்தகைய இழப்பு புதிதன்று. கறையானுக்கும் தீக்கும் ஆற்றுநீருக்கும் இரையான ஏடுகள் எண்ணற்றவை. சி.வை. தாமோதரனாரும் உ.வே. சாமிநாதரும் ஊர் ஊராகத் தேடியபோது ஏடுகள் கிடைத்தன என்றால், மடங்களிலும் புலவர் வீடுகளிலும் படிகள் சிதறிக் கிடந்ததே அதற்குக் காரணம். ஒரு வீட்டு ஏட்டில் இல்லாத வரி மற்றொரு வீட்டு ஏட்டில் இருந்தது. ஓரிடத்தில் மட்டும் காத்துவைத்த செல்வம் ஒரே நாளில் அழியக்கூடும். பல இடங்களில் பரவிய செல்வம் அவ்வளவு எளிதில் அழியாது.

வீட்டிற்குள் வந்த திரை

1976இல் ஜப்பானில் வி.எச்.எஸ். என்னும் காணொளி நாடா அறிமுகமானது. 1980களில் தமிழகத்து ஊர்களில் 'டெக்' வாடகைக்கு வந்தது. திருமண வீட்டிலும் திருவிழாவிலும் தெருவே கூடி விடிய விடியப் படம் பார்த்தது. பின்னர் விசிடியும் டிவிடியும் வந்தன. 2007இல் மோசர் பேயர் நிறுவனம் திரைப்பட விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்றது. கொட்டகையை விட்டு நீங்கிய பழைய படங்கள் பேருந்து நிலையக் கடைகளில் அடுக்கிவைக்கப்பட்டன. திரைப்படம் முதன்முறையாக எளியோர் வீட்டிலும் உடைமையாயிற்று.

அக்காலம் நெடிது நீடிக்கவில்லை. உலகின் கடைசி நாடாக் கருவியின் உற்பத்தி 2016இல் நின்றது. அஞ்சல்வழி டிவிடி வாடகையில் வளர்ந்த நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம், 2023 செப்டம்பரில் அச்சேவையை முடித்துக்கொண்டது. புதிய மடிக்கணினிகள் பலவற்றில் வட்டைச் செருகும் இடமே இல்லை. வட்டு வீட்டில் இருந்தாலும் ஓட்டிப் பார்க்கக் கருவி இல்லை என்னும் நிலை வந்துவிட்டது.

உடைமையும் வாடகையும்

'வட்டு போனால் என்ன? எல்லாம் இணையத்தில் இருக்கிறதே' என்று கேட்பவர் உண்டு. அக்கேள்வியில் நியாயமும் உண்டு. யூடியூபில் பழைய தமிழ்ப் படங்கள் பல கட்டணமின்றிக் கிடைக்கின்றன. கையிலுள்ள பேசியில் பாட்டி காலத்துப் படத்தைப் பேத்தி பார்க்கிறாள். மலிவு விலை வட்டுகளும் குறையற்றவை அல்ல. மங்கிய காட்சியும் வெட்டப்பட்ட பாடலும் கொண்டவை அவற்றில் மிகுதி.

எனினும், இணையத்தில் காண்பது வேறு. கையில் வைத்திருப்பது வேறு. இணையவழித் திரைத்தளங்கள் பெரும்பாலான படங்களைக் குறிப்பிட்ட காலத்திற்கு உரிமம் பெற்றுக் காட்டுகின்றன. உரிமக் காலம் முடிந்தால் படம் அகன்றுவிடும். பார்ப்போர் குறைவெனக் கருதினால் உரிமம் புதுப்பிக்கப்படாமற்போகலாம். புதுப்படத்தோடு போட்டியிட முடியாத பழைய படமே முதலில் வெளியேறும். சந்தா செலுத்துபவர் பெறுவது பார்க்கும் அனுமதி மட்டுமே, படம் அன்று. ஆயிரம் வீடுகளில் ஆயிரம் பேர் ஒரு படத்தைப் பார்த்தாலும், அவர்கள் பார்ப்பது பிறர் கையில் இருக்கும் படியையே. முன்பு படச்சுருளுக்கு நேர்ந்த ஆபத்து இங்கே வேறு வடிவில் திரும்பி வருகிறது.

எரிந்தும் எழுந்த படம்

சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி' (1955) முதலான மூன்று படங்களின் மூலச்சுருள்கள் 1993இல் இலண்டனில் நேர்ந்த தீ விபத்தில் கருகின. கருகியவற்றை எறிந்துவிடாமல் அமெரிக்காவின் அகாதெமி திரைப்படக் காப்பகம் பாதுகாத்தது. பின்னர் இத்தாலியின் பொலோனா நகர வல்லுநர்கள் அவற்றைக் கையால் செப்பனிட்டனர். மீட்க முடியாத பகுதிகளுக்கு வெவ்வேறு இடங்களில் இருந்த படிகள் கைகொடுத்தன. 2015இல் அப்படங்கள் மீண்டும் ஒளிபெற்றன. இம்முயற்சியில் காப்பகத்தோடு இணைந்து நின்றது, செவ்வியல் படங்களை வட்டாக வெளியிடும் கிரைடீரியன் நிறுவனம்.

இந்நிகழ்வு இரண்டு உண்மைகளை உணர்த்துகிறது. மூலம் கருகினாலும் பிற படிகள் இருந்தால் படம் மீளும் என்பது ஒன்று. பழைய படத்தை நல்ல வடிவில் வாங்கி வைத்துக்கொள்ள விரும்புவோர் இருக்கும்வரை, அதனைச் செப்பனிடப் பொருள் செலவிடுவோரும் இருப்பர் என்பது மற்றொன்று. தமிழகத்திலும் இவ்விருப்பம் வற்றிவிடவில்லை. 1964இல் வெளியான 'கர்ணன்', செப்பனிடப்பட்டு 2012இல் மீண்டும் திரையிடப்பட்டபோது இளைஞரும் திரண்டு வந்து பார்த்தனர்.

செய்ய வேண்டுவன

வட்டு நிலையானதன்று. ஓலை போய்த் தாள் வந்ததைப் போல, நாடா போய் வட்டு வந்தது, வட்டும் போகும். காக்கப்பட வேண்டியது வட்டு என்னும் பொருள் அன்று. வாசகரிடமும் சுவைஞரிடமும் படி இருக்க வேண்டும் என்னும் முறை.

இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு நூலின் படியையும் குறிப்பிட்ட நூலகங்களுக்கு அனுப்ப வேண்டும் என்று 1954ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. சென்னைக் கன்னிமாரா நூலகம் அவற்றுள் ஒன்று. திரைப்படங்களுக்கும் அத்தகைய வலிமையான ஏற்பாடு வேண்டும். மாவட்ட நூலகங்களில் நூலடுக்கின் அருகே பழந்திரைப்படங்களுக்கும் ஓரிடம் வேண்டும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒரு படம் வெளியான ஆண்டினை அடுத்து அறுபது ஆண்டுகள் கடந்தால் அதன் பதிப்புரிமை முடிகிறது. 1964ஆம் ஆண்டுப் படங்கள் 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அந்நிலையை எய்தின. ஆனால், உரிமை பொதுவானாலும் நல்ல படி இல்லையெனில் பயன் இல்லை. அத்தகைய படங்களைச் செப்பனிட்டு, எவரும் தரவிறக்கித் தம்மிடம் வைத்துக்கொள்ளும் வகையில் வெளியிடுதல் அரசும் பல்கலைக்கழகங்களும் மேற்கொள்ளத்தக்க பணியாகும்.

வீடுகளுக்கும் இதில் பங்குண்டு. பரணில் தூசி படிந்து கிடக்கும் வட்டுகளுள் வேறெங்கும் கிடைக்காத படம் ஒன்று இருக்கக்கூடும். பழைய பொருள் வாங்குவோரிடம் எடைக்குப் போடும் முன் அதன் பெயரையேனும் படித்துப் பார்த்தல் நன்று. வெள்ளிக்காகச் சுருளை விற்றவர்களும் அன்று அதனைப் பயனற்ற பழம்பொருள் என்றே எண்ணினர்.

ராஜலட்சுமி திரையில் பேசிய முதல் தமிழ்ச் சொல் எப்படி ஒலித்தது என்பதை இனி எவரும் கேட்க முடியாது. இன்று எஞ்சியிருக்கும் குரல்களை வருங்காலத் தலைமுறை கேட்குமா என்பது, அவற்றின் படிகள் இப்போது எத்தனை கைகளில் இருக்கின்றன என்பதைப் பொறுத்தது.