நீர் புகுந்த நரம்பணு

சித்திரை வெயிலில் ஆவுடையார்கோவில் வட்டாரத்துக் கண்மாய்களில் நூறு நாள் வேலைக்கு மண் சுமக்கும் முதிய மாதர், இரத்த அழுத்தத்திற்காக உப்பைச் சிறுநீரோடு போக்கும் மாத்திரையும் உண்டு, வியர்வையிலும் உப்பை இழந்து, வெறுந் தண்ணீரையே மிகுதியாகப் பருகுவார்களாயின், இரத்தத்தில் சோடியம் தாழ்ந்து, நீர் அணுக்களுக்குள் புகுந்து, மூளை வீங்கத் தொடங்கலாம். கபாலத்துக்குள் வீக்கத்திற்கு இடமேது? ஆயினும் நரம்பணு வாளாவிருப்பதில்லை. தன் சவ்விலுள்ள நுண்வாயில்களைத் திறந்து பொட்டாசியம், குளோரைடு அயனிகளையும் டாரின் போன்ற கரிமப் பொருள்களையும் வெளியே விட, நீரும் அவற்றைப் பின்தொடர்ந்து செல்ல, ஓரிரு தினங்களில் ஏறக்குறையப் பூர்வ பரிமாணத்தை அடைகிறது. அவ்வாயில்களுள் ஒன்றின் மூலப் புரதத்தை 2014-இல்தான் பெர்லினிலும் கலிபோர்னியாவிலும் இரு குழுவினர் தனித்தனியே கண்டறிந்தனர்.

இந்தத் தற்காப்பே வைத்தியருக்குச் சோதனையாகிறது. உப்புக் குறைவுக்குப் பழகிவிட்ட மூளைக்கு, அவசரப்பட்டு உப்புநீரை மிகையாக ஏற்றினால் நரம்பின் உறையே சிதையக்கூடுமாதலால், அளந்து, இரத்தத்தை மீண்டும் மீண்டும் பரிசோதித்தே ஏற்றவேண்டும். இவ்வாறு சோடியம் தாழ்ந்து பிதற்றும் கிழவிக்கு விபூதி இடுவதை நான் பரிகசிக்கவில்லை. இட்ட கையோடு ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்க என்கிறேன். அங்கே, தாலுகா ஆஸ்பத்திரியே ஆயினும், சோடியப் பரிசோதனை நள்ளிரவிலும் நடக்கவேண்டும். வேலைத்தளத்துத் தண்ணீர்ப் பானைக்கு அருகில் உப்பிட்ட நீராகாரமும் இருக்கவேண்டும்.